பிளான்காரரின் லேப்டாப்புக்கு வந்த மயக்கம்

எது நடந்தாலும் மச்சினனை மட்டும் கூப்பிடுவதில்லை என்று பிளான்காரர் முடிவு செய்துவிட்டார். லேப்டாப் படுத்தே போனாலும் சரி, அதன் பக்கத்தில் தானும் படுத்துவிட்டாலும் சரி.

பிளான்காரர் என்பது தெருவில் அவருக்கு இருந்த பெயர். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். எந்தச் சுவர் எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவர் கையில். சொந்த வீட்டில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது மட்டும் மனைவி கையில்.

மச்சினன் மனைவியின் தம்பி. லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். "அத்தான், வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். அவர் கேட்கவில்லை. தானே போய், தானே பேரம் பேசி, தானே தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "இது லேப்டாப் இல்ல, குதிரை!" என்று வீடு முழுக்க முழங்கினார். பழைய லேப்டாப்பைப் பெருந்தன்மையோடு மனைவிக்குக் கொடுத்தார். அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்துக்கடைக்குக் கணக்குப் பார்க்கிறவள். "ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

குதிரை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் திடீர் திடீரென்று மயக்கம் போட்டது. காலையில் பறக்கும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நகராது. ஒரு கோடு இழுத்தால், வரலாமா வேண்டாமா என்று கோடு யோசிக்கும். திரையில் வட்டம் சுற்றியது. பார்த்துக்கொண்டிருந்த அவருக்குத் தலை சுற்றியது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் பறந்தது.

அதைவிடக் கொடுமை, அது மயங்கும்போதெல்லாம் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"சும்மாவா? யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிக்கறது தலைதானே. கை சும்மாதானே இருக்கு? இந்தத் துணியைக் கொஞ்சம் மடிங்க."

'லேப்டாப் ஸ்லோ' என்று வாயைத் திறந்தால் போதும், மச்சினன் ஸ்க்ரூடிரைவரும் சிரிப்புமாக வந்து நிற்பான். அதனால் மடித்தார். இன்னொரு நாள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். அப்புறம் ஒரு நாள் மகளின் ஷூவுக்கு பாலிஷ் போட்டார்.

நடுநடுவே வைத்தியமும் நடந்தது. அணைத்துப் போட்டார். வேண்டாததையெல்லாம் அழித்தார், அதில் வேண்டியதும் கொஞ்சம் போயிற்று. வைரஸோ என்று தேடினார்; தேடுகிற புரோகிராம் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பை இன்னும் அமுக்கியது. சூடுதான் காரணம் என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஜலதோஷம் பிடித்தது.

வந்தது அந்த நாள். நாலு மணிக்குள் ஒரு பிளான் போய்ச் சேர வேண்டும். வீடு கட்டுகிறவர்கள், அவருக்கு வேலை கொடுக்கிற இன்ஜினியரின் ஆபீசுக்கே வந்து பார்க்கப்போகிறார்கள். போன தடவை தாமதமானதற்கே, "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன் சார்" என்று இன்ஜினியர் சிரிக்காமல் சொல்லியிருந்தார். அவரை விட்டால் கைவசம் பெரிய வேலை எதுவும் இல்லை.

காலையில் ஹாலில் உட்கார்ந்து பேட்டரியிலேயே முக்கால்வாசி முடித்தார். மத்தியானம் ஹாலில் கைக்குக் கிடைத்த ஒயரோடு அறைக்கு மாறி, அதைச் சொருகி, மாடிப்படியைத் தொடங்கினார். குதிரை மயக்கம் போட்டது.

படிகள் ஒவ்வொன்றாக, மூட்டுவலிக்காரர் இறங்குவது மாதிரி வந்தன. மணி மூன்றரை. போன் அடித்தது.

"சார், எங்க இருக்கீங்க?"

"மாடிப்படியில இருக்கேன் சார்."

"வீட்லயா, பிளான்லயா?"

"பிளான்லதான்."

"பார்ட்டி கிளம்பிட்டாங்க. சட்டுனு இறங்கி வாங்க சார்!"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் மனைவி.

"என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? லேப்டாப் நல்லாத்தான் இருக்கு!"

"நான் லேப்டாப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்னு பார்த்தேன்."

பிளான்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. மயக்கம் வரும்போதெல்லாம் அதுவும் வரும். அவரும் படிக்காமலே மூடிவிடுவார். இப்போது மூடக்கூட முடியவில்லை, அம்புக்குறி அசையவில்லை. வேறு வழியில்லாமல் படித்தார். சார்ஜருக்குச் சக்தி போதவில்லை, அதனால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அது இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு அடியில் போனார். மறுமுனையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு சார்ஜர். பழைய லேப்டாப்புடையது! புதிதோடு வந்தது செங்கல் அளவு இருக்குமே. எழுந்த வேகத்தில் மேசையில் தலையை இடித்துக்கொண்டார். படுக்கையறைக்கு ஓடினார். அங்கே மனைவியின் மேசையில், பழைய லேப்டாப்புக்குப் பக்கத்தில், செங்கல் சொகுசாகப் படுத்திருந்தது.

பிடுங்கிக்கொண்டு வந்து சொருகினார். குதிரை எழுந்தது. படிகள் தடதடவென்று இறங்கின. கைப்பிடி, ஜன்னல், அளவுகள். நாலு மணி அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது பிளான் போய்ச் சேர்ந்தது.

"வந்துடுச்சு சார். இப்பத்தான் பார்ட்டியும் உள்ள வர்றாங்க" என்றார் இன்ஜினியர்.

மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. சார்ஜரைக் கையில் தூக்கிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார்.

"இது என்ன?"

"சார்ஜர்."

"யாரோடது?"

"உங்களோடது."

"உன் மேசைக்கு எப்படி வந்துச்சு?"

"அப்பப்ப நான்தான் மாத்தி வைப்பேன்."

அவள் மறுப்பாள், மடக்கலாம் என்று வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வீணாகிவிட்டன.

"தெரிஞ்சேவா?"

"நீங்க குதிரை குதிரைன்னு குதிச்சிட்டிருந்தப்பவே தம்பி பார்த்துட்டுச் சொன்னான். 'அக்கா, ரெண்டுக்கும் ஒரே பின்னு. சின்ன சார்ஜரைப் போட்டா இது நொண்டும், மாத்திடாதே'ன்னு."

"மாத்தாதேன்னுதானே சொன்னான்?"

"நொண்டும்னும் சொன்னானே."

"அதுக்காக இன்னைக்குப் போயா? என் வேலையே போயிருக்கும்!"

"இன்னைக்கு நான் மாத்தி வைக்கவே இல்லைங்க. ஹால்ல செருகியிருந்தது என்னோடது. என் லேப்டாப்புல சார்ஜ் இல்லைன்னு, அறையில சும்மா கிடந்த உங்களோடதை எடுத்துக்கிட்டேன். நீங்கதான் எதுன்னு பார்க்காம அதைச் சுருட்டிக்கிட்டுப் போனீங்க."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அது வேகமா ஓடினா நாலு தடவை கூப்பிட்டாலும் நீங்க திரும்பறதில்ல. அது நின்னாத்தான் வீட்ல இன்னொரு ஆள் இருக்கற மாதிரியே இருக்கு."

இளகிவிடக் கூடாது என்று பிளான்காரர் சார்ஜரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இனிமே இது என் கையை விட்டுப் போகாது. லேப்டாப் நிக்கவே நிக்காது."

"நல்லதாப் போச்சு. அப்படின்னா தினமும் வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். இன்னைக்கே பாருங்க, நாலு மணிக்கே முடிச்சிட்டீங்க. ராத்திரிச் சமையல் இனிமே உங்களோடது."

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லலாமா? அப்படியென்றால் லேப்டாப் ஸ்லோ என்றாகிவிடும். ஸ்லோ என்றால் மச்சினன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்தச் சார்ஜரைக் கீழ வச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி. "ஒரு கையால வெங்காயம் உரிக்க முடியாது."