ஓக்பூனின் முழங்கால்

இந்த மலையேறும் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று சுன்சிக் தீர்மானித்தார். மலையேறுவது அவர் அல்ல, அவர் மனைவி ஓக்பூன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் முப்பத்தோரு வருஷம் சலவைக் கடை நடத்தி, போன வருஷம்தான் அதை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மனுஷனுக்குக் காலையில் சுடச்சுட சோயா சூப் வர வேண்டும் அல்லவா? நூற்றுப் பத்தொன்பது நாளாக வரவில்லை. எண்ணி வைத்திருந்தார். கொரியத் திருச்சபைப் பெண்கள் பத்துப் பேரோடு ஓக்பூன் விடியும்போதே மலைக்குக் கிளம்பிவிடுகிறாள். அடுப்பின் மேல் நேற்றைய சூப் ஆறிக் கிடக்கிறது. அந்த மலையின் மேல் அவருக்குத் தீராத வன்மம்.

"முப்பது வருஷம் கடையில நின்னுக்கிட்டே இஸ்திரி போட்டியே, அந்த உடற்பயிற்சி பத்தாதா?"

"அது உங்களுக்காக. இது எனக்காக."

"அப்போ சூப்பு?"

"அடுப்பைப் பத்த வைங்க, சூடாகும். மலை ஏறுறதவிட சுலபந்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண்களின் தலைவி ஹாம் அக்காவை ஓரங்கட்டினார். எழுபத்து மூன்று வயதிலும் மூச்சு வாங்காமல் மலையேறுகிறவள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க பையன் தேஹோவோட அம்மாவுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. வெளிய காட்டிக்க மாட்டா. நீங்களே பக்குவமா நிறுத்திடுங்க."

ஹாம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னை மாதிரி புருஷன் யாருக்குத் தம்பி கிடைப்பான்!"

சுன்சிக் விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அவர்கள் சபையில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் அவளைச் சும்மா விடமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கதவைத் திறந்தால் வெயில் தொப்பியும் கையுறையுமாகப் பத்துப் பெண்கள். ஒருத்தி கையில் கஞ்சிப் பானை.

"ஓக்பூனை விட்டுட்டு எப்படிப் போறது? அவ குணமாகுற வரைக்கும் உடற்பயிற்சி இங்கதான்," என்றாள் ஹாம் அக்கா.

வாசலில் காலணிகள் குவிந்தன. சோபா சுவரோரம் போனது. கைதட்டி, இடுப்பை வளைத்து, பத்துப் பேரும் குதித்ததில் கூரை விளக்கு ஆடியது. பிறகு பாட்டு. பிறகு ஜெபம்.

"எந்தக் கால் தம்பி?"

"ர... ரெண்டும்."

ஓக்பூன் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே பார்வைதான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "ஆமா அக்கா. நிக்கவே முடியல."

பத்துத் தலைகளும் சுன்சிக் பக்கம் திரும்பின. அவர் அடுப்படிக்குப் போனார்.

பன்னிரண்டு நாள். தினமும் பதினோரு பெண்களுக்கு சூப் வைத்தார். முதல் நாள் கரித்தது. ஆறாம் நாள் பரவாயில்லை. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தார்.

"போதும்! அவ முழங்காலுக்கு ஒண்ணுமே இல்ல! கல்லு மாதிரி இருக்கு!"



"கேட்டீங்களா!" ஹாம் அக்கா கையை உயர்த்தினாள். "குணமாயிடுச்சுன்னு என்ன விசுவாசத்தோட அறிக்கை பண்றாரு பாருங்க!"

ஓக்பூன் மெதுவாக எழுந்தாள். ஒரு காலை மடக்கி நீட்டினாள். மற்றதையும் நீட்டினாள்.

"ஸ்தோத்திரம்!" என்று வீடே அதிர்ந்தது. இரண்டு பேர் அழுதேவிட்டார்கள்.

மறுநாள் காலை சுன்சிக் சாப்பாட்டு மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓக்பூன் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? அதான் குணமாயிடுச்சுல்ல, சூப்பை வெச்சுட்டுப் போ!"

"மலை ஏறுற அளவுக்குத்தாங்க குணமாச்சு," என்றாள் ஓக்பூன். "அடுப்புகிட்ட நிக்கணும்னா நீங்க இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணணும்."