வைத்தீஸ்வரன்பாபு என்கிற குடித்தனக்காரர்

டொக். சற்று நேரம் கழித்து இன்னொரு டொக். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹால்தார்பாபு ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறார், ஆகவே கட்சி உயிரோடிருக்கிறது என்று வங்காளத்து டாக்குரியாவில் நாங்கள் தெரிந்துகொள்வோம். வேட்பாளர் தகுதிக் குழுவின் செயலாளர் அவர்.

தடுப்புக்கு இந்தப் பக்கம், மடியில் நாற்பது பக்கக் குல வரலாற்றுடன் காத்திருந்தவர் எங்கள் கவுன்சிலர் ஜெய்ராம். கரக்பூரிலிருந்து ஒரு பைப் ரெஞ்சோடு வந்து, இந்தத் தெருக்களின் குழாய்களை அடக்கி ஆண்டு, அந்த அனுபவத்தில் மக்களையும் ஆள வந்தவர்.

போன தேர்தலில் மூன்று தலைமுறைத் தொண்டு என்பது மோஸ்தர். தாத்தா மஹாதேவன் கொதிகலனுக்கு நீர் வார்த்தார், அப்பா வைத்தீஸ்வரன் ரயில் பயணிகளுக்கு நீர் வார்த்தார் என்று இவரும் அச்சடித்துக் கொடுத்தார். ஹால்தார்பாபு டைட்டிலைத்தான் பார்த்தார். டைட்டில் என்றால் இந்த ஊரில் குடும்பப் பெயர்; தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒன்றேதான். நமக்கோ பின்னால் நிற்பது அவரவர் அப்பா. மஹாதேவன் சௌந்தரராஜன், வைத்தீஸ்வரன் மஹாதேவன், ஜெய்ராம் வைத்தீஸ்வரன்.

"மூன்று டைட்டில், மூன்று குடும்பம். பிறர் முன்னோரை எடுத்து உபயோகிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது, வைத்தீஸ்வரன்பாபு."

முன்னோர் இல்லாமலே ஜெய்ராம் ஜெயித்தார்.

இந்தத் தடவை வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. மகள் அக்ஷராவை நிறுத்தலாமென்றால் மோஸ்தரும் மாறிவிட்டது. இப்போது குடும்ப ஆட்சி ஒழிப்பு. கவுன்சிலரின் வீட்டார் யாருக்கும் சீட் கிடையாது. சீட் கைவிட்டுப் போனால் மறுபடி ரெஞ்சுதான். எனவே ஜெய்ராம் பழைய புத்தகத்தையே நீட்டி, அன்றைய தீர்ப்பு இன்றும் செல்லுமா என்று பணிவோடு விசாரித்தார். கட்சி தன் தவறுகளை மாற்றிக்கொள்வதில்லை என்றார் ஹால்தார்பாபு.

விண்ணப்பத்தில் அக்ஷரா ஜெய்ராம். அதே விலாசத்தில் தாயார் பூர்ணிமா ஜெய்ராம். ஆக, அது ஜெய்ராம் குடும்பம்.

"அந்த வீட்டில் வைத்தீஸ்வரன் என்று ஒருவர் இருக்கிறாரே?"

"குடித்தனம்" என்றார் ஜெய்ராம்.

"அவருக்கு முதல் பெயர் ஜெய்ராம் என்று போட்டிருக்கிறது."

"தற்செயல்."

டொக். சாட்சிக்குத் தெருக்காரர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரடி விசாரணை. பெண் வாய் தவறி அப்பாவை வழக்கம்போல் 'பாபா' என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று வாரம் முழுக்க ஜெய்ராம் அவளுக்குப் பாடம் நடத்தினார். பூர்ணிமாவுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. "குடித்தனக்காரராவது ராத்திரி வீடு வந்து சேருவார்" என்றாள்.

ஹால்தார்பாபு வந்தபோது ஜெய்ராம் தரையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் பழகிய மனிதரை ஹால்தார்பாபு விதிப்படி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

"இவர் யாரம்மா?"

ஜெய்ராமின் கை நின்றது.

அக்ஷரா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, வங்காளிச் சித்தப்பா முறை வைத்துச் சொன்னாள். "குடித்தனம், காகு."

"ஆள் எப்படி?"

"குழாய் கெட்டால் சரிபண்ணித் தருவார். மற்றபடி தொந்தரவு இல்லை."

ஹால்தார்பாபு அதை அப்படியே எழுதிக்கொண்டார். தட்டிலிருந்த இனிப்பில் இரண்டு சந்தேஷ் சாப்பிட்டார். செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, தனக்கும் இரண்டு பையன்கள் இருப்பதாகவும், இந்தத் தமிழ் முறைக்கு மாற எந்த ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும் என்றும் பூர்ணிமாவிடம் கேட்டார். தாங்கள் மனுப் போட்டு மாறியதில்லை என்றாள் அவள். அது எப்படி என்பது போல் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்தியதும் பெண் சிரிப்பாள் என்று ஜெய்ராம் காத்திருந்தார். அவள் பால்கனிக்குப் போய், சீட் உறுதியான சங்கதியை யாருக்கோ வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒரு இடத்தில் தடுமாறுவாள் என்றுதான் அவர் பயந்திருந்தார்.

"அந்தக் காம்பையெல்லாம் தனியாப் போடுங்க" என்றாள் பூர்ணிமா.

ஜெய்ராம் அடுத்த இணுக்கை எடுத்து உருவ ஆரம்பித்தார்.