டீசல் டாங்கில் இரண்டு லிட்டர் தண்ணீர்

அடுகோடி, பெங்களூர்
9-10-2003

மரியாதைக்குரிய சம்பந்தி கோவிந்தராஜன் அவர்களுக்கு ஜெயவேலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் பாமாவும் சௌக்கியம். எலெக்ட்ரானிக் சிட்டியில் என் மகள் லாவண்யாவும் தங்கள் மகன் பாலகுமாரும் சௌக்கியம். தங்கள் டிராக்டரும் இன்று மதியம் மூன்று மணி முதல் சௌக்கியம். குடியாத்தத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் அதைவிட அதிக நேரமாகச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று முன்தினம் தாங்கள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வண்டி நின்னு போச்சாமே, ஞாயித்துக்கெழம டிரைவரோட வந்து ஓட்டிக்கினு வந்துடறேன்" என்று சொன்னதாகத் தெரிந்தது. சம்பந்தி அவர்களே, அவசரப்பட வேண்டாம். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபின் இரண்டு வருஷம் வேலையில்லாமல் கிடந்தவனுக்கு, தண்ணீர் டாங்கர் இழுக்கத் தங்கள் வண்டியை நம்பிக் கொடுத்தீர்கள். அந்த வண்டி போய்விட்டால் நானும் பாமாவும் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு ஹாலில்தான் போய் உட்கார வேண்டும். தங்கள் மகன் தங்கமானவர், சோபாவும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனாலும் பெண்ணைக் கொடுத்த வீட்டில் மூன்று வேளையும் தட்டு ஏந்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே நடந்தது என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வண்டிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு, நாலாயிரம் லிட்டர் டாங்கர் பின்னாலேயே நிற்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று, பம்பைப் போட்டு, பைப்பைத் திருப்பி, பானெட், டீசல் டாங்க், சக்கரம் என்று தலை முதல் கால் வரை ஒரு மணி நேரம் பீய்ச்சிக் குளிப்பாட்டினேன். சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று எல்லாம் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் எந்த வண்டிக்கும் அப்படி ஒரு குளியல் கிடைக்கவில்லை. அதற்கும் மறுநாள் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மறுநாள் ஞாயிறு காலை, மாப்பிள்ளையின் அடுக்குமாடிக்கு லோடு கொண்டுபோனேன். கேட்டுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் வண்டி இரண்டு முறை இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, நின்றது. உள்ளே நூற்றிருபது வீட்டில் குழாய் காற்று விடுகிறது. வாசலில் நாலாயிரம் லிட்டர் நிற்கிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது. பல் விளக்கிய நுரை வாயோடு இறங்கி வந்த சாஃப்ட்வேர்காரர்கள் பதினைந்து பேர் தள்ளி, ஒருவழியாகப் பார்க்கிங்கில் சேர்த்தார்கள். பாதிப் பேர் தள்ளினார்கள், மீதிப் பேர் எப்படித் தள்ள வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார்கள். அதன்பின் எல்லாரும் பக்கெட் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள். வாட்ச்மேன் மட்டும் நோட்டோடு என் பின்னாலேயே சுற்றினார். "இன் டைம் எழுதிட்டேன் சாமி. அவுட் டைம் இல்லாம ரிஜிஸ்டர் குளோஸ் ஆகாது. நான் ஏனு மாட்லி?" என்று கன்னடத்தில் முடித்தார். என்ன செய்வது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு நான் என்ன சொல்ல?

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். டீசலுக்கு அடியில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டது. டாங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எப்படி இறங்கியது? பெட்ரோல் பங்கில் கலந்திருக்கலாம். பெங்களூர்ப் பனி டாங்குக்குள் வியர்த்திருக்கலாம். தங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை, ஆனால் வண்டி குடியாத்தத்திலிருந்து வரும்போதே டீசல் டாங்க் மூடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று ஆறு மாதமாகச் சொல்லாமல் இருந்தேன். இப்போதும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சாயங்காலம் ஒரு வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கே வந்துவிட்டார். அவர்கள் ஆபீசில் எது பழுதானாலும் மீன் முள் மாதிரி ஒரு படம் போட்டு, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதுவார்களாம். பெட்ரோல் பங்க் ஒரு முள், பனி ஒரு முள், ரப்பர் ஒரு முள். எல்லாவற்றிலும் தடியான முள்ளில் 'டிரைவர்' என்று எழுதினார். டிரைவர் நான்தான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க, இது ப்ராசஸ்" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. பலகையில் வண்டிக்கு வைத்தியம் என்ன என்று எங்கேயும் எழுதவில்லையே என்றுதான் கேட்டேன். அது அடுத்த மீட்டிங்காம்.

சம்பந்தி அவர்களே, நான் யார்? இருபத்தெட்டு வருஷம் கோலாரில் தங்கக் குழிக்குள் பம்ப் ஓட்டியவன். பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஆறு ஆறாகத் தண்ணீரை மேலே ஏற்றியவன். இந்தப் பிசாத்து டாங்குக்கு எனக்கு மீட்டிங்கா என்று ரோஷம் வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் குழாயை டாங்க் வாய் வழியாக விட்டு, வாயால் இழுத்து, கேனில் இறக்கினேன். ஒரு வாய் உள்ளேயும் போய்விட்டது, இரண்டு நாள் குடித்த காப்பியெல்லாம் டீசல் வாசனைதான். வந்ததைப் பார்த்தால் சொக்கத் தங்கம் மாதிரி சுத்தமான டீசல். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் போய்விட்டது என்று சந்தோஷமாக, வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடி டாங்கிலேயே ஊற்றினேன். வண்டி கிளம்பவில்லை. திங்கட்கிழமை மறுபடி எடுத்தேன், சுத்தமான டீசல், ஊற்றினேன், கிளம்பவில்லை. செவ்வாயும் அப்படியே. பாமா பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவந்தவள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, வெளிய வர்றது பூரா நல்ல டீசல்னா, தண்ணி எங்கங்க கீது?"

"நீ சும்மா இரு, பம்ப் வேல உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்று மதியம்தான் தெரிந்தது.

இன்று அடுகோடி மெக்கானிக் ஓஸ்வால்ட் வந்தான். அவனும் எங்கள் தங்கவயல் பிள்ளைதான். நான் குழாய் விடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, குழாய இன்னும் கீழ உடு" என்றான். நான், "தரையிலேர்ந்து ஒரு சாண் மேலதான் வெக்கணும். அடியில வெச்சா சேத்த இழுத்து பம்ப் பூடும்" என்றேன். குழிக்குள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இருபத்தெட்டு வருஷம் மாறாமல் கடைப்பிடித்தேன், பம்ப் ஒருமுறையும் கெட்டதில்லை. ஓஸ்வால்ட் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, குழியில தண்ணிதான் மேல, சேறு கீழ. இங்க டீசல் மேல, தண்ணி கீழ. அந்த ஒரு சாணுலதான் மொத்தத் தண்ணியும் உக்காந்துகினு கீது. நீ நாலு நாளா டீசல எடுத்து டீசல ஊத்தினு கீற!"

பிறகு அவன் டாங்குக்கு அடியில் கைவிட்டு, என்னுடைய பூஜைச் சந்தனத்தைச் சுரண்டி ஒரு திருகாணியைக் கண்டுபிடித்தான். அதைத் தளர்த்தியதும் கலங்கலாகத் தண்ணீர் கொட்டியது. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினான், இரண்டு லிட்டர் இருக்கும். டீசல் மட்டும் வரும்வரை விட்டுவிட்டு முடுக்கினான். புது ஃபில்டர் போட்டான். கை பம்பை அமுக்கி அமுக்கி, லைனில் இருந்த காற்றை நுரை நுரையாக வெளியேற்றினான். மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. வாட்ச்மேன் அவுட் டைம் எழுதி, ஒருவழியாக ரிஜிஸ்டரை மூடினார். பாமா அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் தன் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

வண்டி இப்போது எங்கள் வாசலில் ராஜா மாதிரி நிற்கிறது. அது ஓடுவதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தயவுசெய்து வரும் பொங்கல் வரைக்குமாவது விட்டுவையுங்கள். இனிமேல் இப்படி நடக்காது. "புது மூடி போடற வரைக்கும் வண்டி மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்று ஓஸ்வால்ட் சொல்லியிருக்கிறான், கவனமாக இருப்பேன்.

சம்பந்தியம்மாவுக்குப் பாமாவின் விசாரிப்பு. தங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும், டாங்குகளுக்கு நல்ல மூடியும் அமைய வேண்டிக்கொள்ளும்,
ஜெயவேலு

பி.கு.: கூரியர் கடைக்குக் கிளம்பும்போது ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து பார்க்கும்போது வண்டி பளிச்சென்று இருந்தால் நல்லதுதானே என்று, இன்ஜினை ஓட விட்டு, அதில் ஓடும் பம்பைப் போட்டு, டாங்கரில் மிச்சமிருந்த தண்ணீரை அரை மணி நேரம் நன்றாகப் பீய்ச்சிக் கழுவினேன். டாங்க் மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, அதைத் தனியாகக் கிட்டேயிருந்து அடித்தேன். திடீரென்று பைப்பில் தண்ணீர் நின்றது. திரும்பிப் பார்த்தால், இன்ஜின் இரண்டு முறை இருமி வெள்ளைப் புகை விட்டு நின்றிருந்தது. பாமா வாசலில் நின்று, "தடி முள்ளு எதுன்னு இப்ப தெரிஞ்சுதா?" என்றாள். ஆகவே மேலே பெட்ரோல் பங்க், பனி, ரப்பர் வளையம் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிறு அவசியம் வரவும், வரும்போது ஒரு புது மூடி வாங்கி வரவும். டிரைவரை அழைத்துவர வேண்டாம், வண்டி இப்போதைக்கு எங்கும் போகாது.