நத்தைக்கு மணி தெரியும்

"முதல் வரியிலேயே தூக்கம் வருதுங்க" என்று மனைவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

நத்தையாருக்குத் தூக்கம் போய் மூன்று நாளாயிற்று. ஒன்பது வருடமாக நத்தைகளையே ஆராய்ந்ததில் அவருடைய சொந்தப் பெயர் ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். ஆராய்ச்சியை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். விஞ்ஞானம் படிக்காத ஊழியர் ஒருவர் அதைப் படித்து, 'புரிந்தது' என்று கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் நத்தை அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள்.

"'காலஞ்சார் திசைநோக்கு நகர்வு'ன்னா என்னங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தினமும் டீ குடிச்சிட்டு நாலு மணிக்கு வந்து பாத்தா, நத்தையெல்லாம் தொட்டியோட இடது மூலையில நிக்கும். அதுங்களுக்கு மணி தெரியும்!"

"அதை அப்படியே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

அப்படியே எழுதினால் ஒன்பது வருடமும் ஒரு வரியில் முடிந்துபோகிறதே! மனசு கேட்கவில்லை. சுவைக்காக, 'நத்தைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது' என்று சேர்த்தார்.

ஆராய்ச்சிக்கூட டிரைவர் படித்துவிட்டு, "எப்ப சார் முழுங்குச்சு?" என்றார்.

கடிகாரத்தை எடுத்துவிட்டுக் கதையாக எழுதினார். அதில் குட்டி நத்தை அம்மாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது. டைப்பிஸ்ட் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கையெழுத்தா? முதல்ல அந்தக் குட்டியை அதோட அம்மாகிட்ட கொண்டுபோய் விடுங்க சார்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். வெள்ளிக்கிழமை மதியமே வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கின. இனி தன்னை எந்த மூலையில் போடுவார்களோ என்று யோசித்தபடியே தாளைக் கையில் எடுத்தார். 'அப்படியே எழுதித் தொலை' என்று மனைவி சொன்னது நினைவுக்கு வர, எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினார். டீ, நாலு மணி, இடது மூலை என்று நாலே வரி மிஞ்சியது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் படிக்க நன்றாக இருந்தது.

அந்த அறையை ஆரம்பத்திலிருந்து பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுதாம்மா?"

"பளிச்சுனு புரிஞ்சுது சார்!"

கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். நத்தையாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் அவர் எழுதியது புரிந்ததென்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"முன்னாடியே இப்படி எழுதியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே சார்" என்றாள் ஆயாம்மா. "மூணரைக்கு நீங்க டீ குடிக்கப் போனதும், பாவம் பசிக்குமேன்னு தினமும் அந்த மூலையில முட்டைக்கோஸ் போடுறது நான்தான்!"