சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்த அன்று அங்கே இருந்தவர்கள்: நான். வெல்டர் மணி. கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் ஏழுமலை. ஏழுமலையின் மச்சான். வீட்டுக்காரர். தெருமுனையில் தள்ளுவண்டி போட்டிருந்த மீனக்கா. அப்புறம், டெஸ்ட்டு.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் சோறு இறங்காத ஆள் மறைமலைநகரிலேயே ஒருவர்தான், இந்த டெஸ்ட்டு. அவர் எங்கள் ரூமில் இருந்தார். எங்கள் நேரம். எண்ணெய் வைத்தால் முடி வளருமா என்று பார்க்க, தலையில் இடது பக்கம் மட்டும் எண்ணெய் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேலைக்கு வந்தார். பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கம்.

"முழுசா வெச்சா இன்னா அண்ணாத்த?"

"அப்பால எதோட ஒப்பிட்டுப் பாக்கறது? உன் தலையோடயா?"

எனக்கு வழுக்கை.

அந்த மாதம் அவரைத் தவிர ரூமில் எங்கள் நாலு பேருக்கும் வயிற்றுப்போக்கு. மீனக்காவின் குழம்புதான் என்றோம். மாமல்லபுரத்தில் விடியற்காலை மீன் எடுத்து, பஸ்ஸில் வந்து, குழம்பு வைத்து விற்பவர். வண்டிதான் அவர் பிள்ளைகளுக்குச் சோறு. எங்கள் பேச்சைக் கேட்டு வீட்டுக்காரர், தெருமுனை தன் இடம் என்பதால், மாசக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

டெஸ்ட்டு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதே கொழம்பதான் நானும் துன்றேன். எனுக்கு ஒண்ணும் இல்ல. நான் கொதிக்க வெச்ச தண்ணி குடிக்கிறேன். நீங்க டிரம்முல மொண்டு குடிக்கிறீங்க. பாத்துடுவோம்."

வயிறு அடங்கும்வரை கஞ்சி. பிறகு ஆரம்பித்தார். எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே அளவு. தண்ணீர் மட்டும் வேறு. இரண்டு பேருக்குச் சிவப்பு நூல் கட்டிய பாட்டில், இரண்டு பேருக்கு மஞ்சள். எதில் எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை.

"சொன்னா இன்னா?" என்றான் மணி.

"தெரிஞ்சா உன் வயிறு நடிக்கும்."

எனக்கும் மணிக்கும் சிவப்பு.

கணக்கு எடுப்பது கம்பெனி பஸ்ஸில். முன் சீட்டில் அசெம்பிளி பெண்கள். பின்னாலிருந்து குரல் வரும்.

"மணி, காலீல எத்தினி வாட்டி?"

மணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நாலு விரல் காட்டினான்.

"தண்ணியாவா?"

பஸ்ஸில் சிரிக்காதது நாங்கள் மட்டும்தான். அடுத்த கேள்வி எனக்கு. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மூன்றாம் நாள் நானும் மணியும் படுத்துவிட்டோம். மஞ்சள்காரர்கள் இரண்டாவது தட்டு கேட்டார்கள். சிவப்பு என்பது டிரம் தண்ணீர். எல்லாரையும் கூட்டி வைத்து டெஸ்ட்டு டிரம்மைக் கவிழ்த்தார். பாசி வந்தது. பிறகு ஒரு சாக்ஸ் வந்தது.

கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சாக்ஸ். நாலு பேருக்கும் அதேதான். அவரவர் காலைப் பார்த்துக்கொண்டோம்.

"யாருதுன்னு கண்டுபுடிக்க ஒரு டெஸ்ட்டு வெக்கலாம்" என்றார்.

வேண்டாம் என்றோம்.

மீனக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரர் மசியவில்லை. "ரெண்டு பேருக்குப் புடுங்கிக்கினா ஆச்சா? கொழம்பும்தான துன்னானுங்க."

"கரெக்டு" என்றார் டெஸ்ட்டு. "கொழம்பு இல்லாம, அந்தத் தண்ணி மட்டும் ஒருத்தன் குடிச்சுப் பாக்கணும்."

ஏழுமலை மச்சானைப் பார்த்தான். மச்சான் சாக்ஸைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த சிவப்பு பாட்டிலை டெஸ்ட்டே எடுத்தார்.

"வோணாம் அண்ணாத்த, நான் வேற தெருவுக்குப் போயிக்கிறேன்" என்றார் மீனக்கா.

"கம்முனு இரு, அக்கா. இன்னிக்கு எனக்குக் கொழம்பு வெக்காத." முழுசாகக் குடித்தார்.

மறுநாள் டெஸ்ட்டு கக்கூஸுக்கு ஓடுவதை வீட்டுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் எழுந்துபோய், "வண்டி அங்கியே இருக்கட்டும்" என்று மீனக்காவிடம் சொல்லிவிட்டு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கக்கூஸில் குழாய் இல்லை. நாங்கள் நாலு பேரும் வேலைக்குப் போகவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், தெருக்குழாயில் பிடித்துப் பிடித்து டெஸ்ட்டு இருந்த கக்கூஸ் கதவோரம் வைத்தோம்.

ஒன்பது பக்கெட்.