ஹெதாயத்தின் பம்பும் பதினான்கு கம்பளங்களும்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, காஷான் நகரத்து முற்றம் ஒன்றில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் ஹெதாயத், வயது ஐம்பத்தெட்டு, நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர் மனைவி மஹ்ரோக், கையில் புத்தாண்டுக்கு முளைகட்டிய கோதுமைத் தட்டு. வலது வீட்டு எஷ்ரத் கானும் ('கானும்' என்பது அந்த ஊரில் பெண்களுக்கான மரியாதை விளி), மதிலுக்கு மேலே தலை மட்டும். இடது வீட்டு ரொட்டிக்காரர் சஃப்தர், வாசற்படிக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். ஆக, ஆட்கள் நான்கு. பூனை ஒன்று. அழுக்குக் கம்பளங்கள் ஆறு. புதிய பச்சை நிற பிரஷர் வாஷர் ஒன்று.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து நாள். அதற்கு முன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்யாத குடும்பம் அந்தத் தெருவில் கிடையாது. முப்பத்தொரு வருடமாக ஹெதாயத் அந்த ஆறு கம்பளங்களையும் மண்டி போட்டுத்தான் தேய்த்திருக்கிறார். முப்பத்திரண்டாவது வருடம் மண்டி போடுவதில்லை என்று சபதம் எடுத்து இந்த இயந்திரத்தை வாங்கி வந்தார்.

வாங்கியது செவ்வாய்க்கிழமை. அன்று தொடங்கிய பிரசங்கம் வியாழன் இரவுச் சாப்பாடு வரை ஓயவில்லை. கேட்க ஆள் ஒருத்திதான்.

"மஹ்ரோக், இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?"

"விலைச்சீட்டு இருந்திருக்கும். கிழிச்சுப் போட்டிருப்பீங்க."

"மூணு பிஸ்டன்! மோட்டார் ஒரு தட்டைச் சுத்த வைக்குது. தட்டு சாய்வா இருக்கு. அதனால சுத்தச் சுத்த ஒவ்வொரு பிஸ்டனையும் முறை வச்சு அமுக்கும். ஒண்ணு தண்ணியை உறிஞ்சும், ஒண்ணு தள்ளும், ஒண்ணு நடுவழியில நிக்கும்."

"நடுவழியில நிக்கிறது உங்களை மாதிரி."

"கேளுடி. உள்ள வர ஒரு வால்வு, வெளிய போக ஒரு வால்வு. ரெண்டும் ஒருவழிக் கதவு. வந்த தண்ணி வந்த வழியே திரும்பிப் போக முடியாது."

"உங்க தங்கச்சி குடும்பம் மாதிரி. சரி, அப்ப அழுத்தம் குடுக்கறது பம்பு."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க!" ஹெதாயத் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். "பம்பு தண்ணியைத் தள்ளும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். முனையில இருக்கிற ஓட்டை கடுகு அளவு. அத்தனை தண்ணியும் அந்தக் கடுகு வழியா வெளிய போயாகணும். அந்த நெருக்கடிதான் அழுத்தம்."

மஹ்ரோக் பருப்பில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"அதாவது, பின்னால ஒருத்தர் விடாம தள்ளணும். முன்னால போற வழி குறுகலா இருக்கணும். அப்பதான் வேலை நடக்கும்."

"நீ புத்திசாலி."

"பார்ப்போம்" என்றாள் மஹ்ரோக்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, நவ்ரூஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மஹ்ரோக்கின் அண்ணன் மனுச்செஹ்ர் வீட்டில் தக்தே ஆட்டம் நடக்கும். பகடை உருட்டி முப்பது காய்களை நகர்த்தும் ஆட்டம். முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிப்பவர் வீட்டுக்குப் பலகை போகும். வால்நட் மரத்தில் செய்த பலகை அது, மஹ்ரோக்கின் அப்பா விட்டுப் போனது. ஆறு வருடமாக மனுச்செஹ்ர் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து ஹெதாயத்தைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்தின் சட்டங்களை எழுதியவர் ஹெதாயத்தேதான். வீட்டுக்கு ஓர் ஆள். இரண்டு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தால் ஆடாமலே தோல்வி. மஹ்ரோக் வருடாவருடம் கேட்பாள், "இந்தத் தடவை நான் உக்காரட்டுமா? அப்பா எனக்குத்தானே முதல்ல சொல்லிக் குடுத்தாரு?" ஹெதாயத் வருடாவருடம் சொல்வார், "அடுத்த வருஷம் பார்க்கலாம்." ஆறு முறை கேட்டாள். ஏழாவது முறை கேட்கவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக வியாழன் இரவு அவள் சொன்னது இது: "முத்தத்துல அழுக்குக் கம்பளம் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் நீங்க வாசலைத் தாண்டக் கூடாது. சத்தியம்?"

"ஆறு கம்பளம். ஒண்ணுக்கு இருபது நிமிஷம். பத்துக்கு ஆரம்பிச்சா பன்னண்டுக்கு முடிஞ்சுது. சத்தியம்!"

அவர் நல்ல தொப்பியை எடுத்துத் தூசி தட்டி, முற்றத்து ஆணியில் தயாராக மாட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் உறுமியது. ஹெதாயத் முனையைக் கம்பளத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து விசிறினார். பாய்ந்த தண்ணீரில் ஒரு வருட அழுக்கும் தேநீர்க் கறையும் பூனை முடியும் ஒன்றாகக் கிளம்பி ஓடின. கம்பளத்தின் மயில் ஒன்று முப்பது வருடத்துக்குப் பிறகு தன் கண்ணைக் காட்டியது.

"கை வலிக்காம இருக்கட்டும், உஸ்தா ஹெதாயத்!" மதிலுக்கு மேலிருந்து எஷ்ரத் கானும். "இது என்ன மிஷினா, மந்திரமா!"

இப்படி ஒருவர் புகழ்ந்தால் பொருளை அவருக்கே கொடுக்க முன்வர வேண்டும். அதுதான் அந்த ஊர் மரியாதை. அவர் மூன்று முறை மறுப்பார். கொடுப்பவர் மூன்று முறை வற்புறுத்துவார். அதன்பிறகு இருவரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். காஷானில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

"உங்களுக்கு இல்லாததா, கானும்? உங்க கம்பளத்தையும் கொண்டு வாங்க."

"ஐயோ, வேண்டாம். உங்களுக்குச் சிரமம்."

"என்ன சிரமம்? என் கண்ணு மேல வச்சுச் செய்வேன்."

"வேண்டவே வேண்டாம். கடவுள் உங்களுக்கு ஆயுசைக் குடுக்கட்டும்."

"என் உயிர் மேல ஆணை, கொண்டு வாங்க!"

ஹெதாயத் மூன்றாவது மறுப்புக்காகக் காத்திருந்தார். சிரித்தபடி காத்திருந்தார்.

"உயிர் மேல ஆணையிட்டுச் சொல்றீங்க. மறுத்தா மரியாதையா?" என்றாள் எஷ்ரத் கானும். அடுத்த நொடி சுருட்டிக் கட்டிய கம்பளம் ஒன்று மதிலைத் தாண்டி வந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னொன்று.

ஹெதாயத்தின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. இத்தனை சீக்கிரம் எப்படிச் சுருட்டினாள்?

வாசற்படியில் சஃப்தர் தொண்டையைச் செருமினார். "அருமையான மிஷின், உஸ்தா."

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னதை ரொட்டிக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? நாளைக்கு ரொட்டி வாங்க எந்த முகத்தோடு போவது? வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்கு இல்லாததா, சஃப்தர்?"

சஃப்தர் ஒரே ஒரு முறை மறுத்தார். அதுவும் அரைகுறையாக. நான்கு கம்பளம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஹெதாயத் கணக்குப் போட்டார். ஆறும் மூன்றும் நான்கும் பதின்மூன்று. ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் நான்கு மணி இருபது நிமிடம். முடியும்போது மணி இரண்டு இருபது. நாற்காலி காலி. பலகை போச்சு. மஹ்ரோக்கைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோதுமை முளைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைவிடச் சாதுவான ஜீவன் அந்த முற்றத்தில் இல்லை. பூனையையும் சேர்த்துத்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தன் ஆறு கம்பளங்களையும் முடித்தார். ஏழு மிச்சம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இயந்திரம் செத்துப்போனால்? யாரும் கோபிக்க முடியாது. கம்பளங்களை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். முற்றத்தில் அழுக்கு இல்லை. சத்தியமும் பங்கமில்லை.

யாரும் பார்க்காத நேரத்தில், மாதுளைச் செடி இருந்த மண்தொட்டியைக் காலால் நெம்பினார். தண்ணீர் வரும் ரப்பர் குழாயின்மேல் அது ஏறி உட்கார்ந்தது. கைப்பிடியை அழுத்தினார். பம்ப், கூழாங்கல்லை மென்றதுபோல் கடகடத்தது. முனையிலிருந்து தண்ணீர் தாடையில் வழியும் எச்சில்போல் ஒழுகியது.

"போச்சு!" ஹெதாயத் தலையில் கை வைத்தார். "பம்பு போச்சு! பிஸ்டன் உடைஞ்சுருச்சு!"

"அடப்பாவமே" என்று சஃப்தர் கம்பளத்தைச் சுருட்டக் குனிந்தார். எஷ்ரத் கானும் உச்சுக்கொட்டினாள். நவ்ரூஸ் ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டதுபோல் ஹெதாயத்தின் மனம் துள்ளியது.

மஹ்ரோக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குனிந்து இயந்திரத்தின் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"கைப்பிடியை விடாதீங்க. அழுத்திக்கிட்டே இருங்க" என்றாள். "பிஸ்டன் உடைஞ்சா மூணுல ஒண்ணுதானே போகும்? தண்ணி விட்டு விட்டு அடிக்கும். இது மூணும் சேர்ந்து கடகடங்குது. பம்பு உறிஞ்சுது, உள்ள வர்றதுக்குத் தண்ணி இல்ல. நீங்கதானே புதன்கிழமை சொன்னீங்க?"

"நான் பலதும் சொல்வேன்..."

அவள் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனாள். தொட்டியருகே நின்றாள்.

"சஃப்தர் அண்ணே, அதிசயம் பாருங்க. மாதுளைக்குக் கால் முளைச்சிருக்கு."

இடுப்பால் ஒரு இடி. தொட்டி நகர்ந்தது. அடைபட்ட தண்ணீர் மொத்தமும் பாய்ந்தது. பாதி ஒழுகலுக்குத் தளர்ந்திருந்த ஹெதாயத்தின் கை பின்னால் உதைபட்டு, முனை மேலே போனது. ஆணியிலிருந்த நல்ல தொப்பி சுவரைவிட்டுக் கிளம்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, முற்றத்து நீர்த்தொட்டியில் இறங்கி மிதந்தது.

"மிஷின் பிழைச்சுது! கடவுள் பெரியவன்!" என்று எஷ்ரத் கானும் கைதட்டினாள். "இன்னொரு சின்னக் கம்பளம் இருக்கு, உஸ்தா. கேக்கக் கூச்சப்பட்டேன்."

பதினான்கு.

இந்தக் கூத்தில் அரை மணி நேரம் போயிருந்தது. எட்டுக் கம்பளம், இருபது நிமிடம், மூன்று மணி பத்து நிமிடம். ஹெதாயத் மூன்று கம்பளம் தேய்க்கும்வரை மானத்தோடு இருந்தார். ஒன்றரை மணிக்கு மானம் தீர்ந்தது.

"மஹ்ரோக்! நீ போ!"

"எங்க?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு! நாற்காலியில ஆள் இல்லன்னா ஆடாமலே தோத்தோம்!"

"நானா? எனக்கென்ன தெரியும்? வேண்டாம்."

"உனக்குத் தெரியும்! போம்மா!"

"ஆம்பளைங்க ஆடுற இடம். நல்லாவா இருக்கும்?"

"மணி ஆகுது, மஹ்ரோக்! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"உங்க நாற்காலியில நான் உக்காரலாமா? மனசு வரல."

மூன்று முறை. அந்த ஊரில் அன்று மறுப்பை முறையாக மூன்று முறை சொன்ன ஒரே ஆள் அவள்தான். நான்காவது முறை ஹெதாயத் கெஞ்சுவதற்குள், மேலே போர்த்தியிருந்த வீட்டுச் சாதரைக் கழற்றினாள். அதற்கு உள்ளே, வெளியே போகும்போது போடும் நல்ல கோட்டு, பொத்தான் எல்லாம் போட்டபடி இருந்தது.

"நீங்க அவ்வளவு சொல்றதால" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மதிலுக்கு மேலே எஷ்ரத் கானும் தேநீர் உறிஞ்சினாள். "தங்கமான மனைவி, உஸ்தா உங்களுக்கு. நேத்து ராத்திரியே வந்து சொல்லிட்டுப் போனா. கம்பளத்தைச் சுருட்டி மதில் ஓரமா வச்சுக்கோ, எங்க வீட்டுக்காரரு ஆசையாக் கூப்பிடுவாரு, மூணாவது தடவை மறுத்து அவர் மனசை நோகடிச்சிராதேன்னு."

ஹெதாயத்தின் விரல் கைப்பிடியிலிருந்து நழுவியது. முனை மூடிக்கொண்டது. மோட்டார் மட்டும் ஓடியது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறியது. ஹெதாயத்துக்கு உள்ளேயும் அதேதான். பின்னால் ஒருத்தர் விடாமல் தள்ள வேண்டும், முன்னால் வழி குறுகலாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள்?

"உஸ்தா, ரெண்டு நிமிஷத்துக்கு மேல சும்மா ஓட விட்டா பம்பு கெட்டுருமாம்" என்றார் சஃப்தர். "உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க."

ஹெதாயத் கைப்பிடியை அழுத்தினார்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பதினான்காவது கம்பளத்தின் கடைசி நுரையும் வடிகாலில் இறங்கியது. சொன்ன கணக்கு ஒரு நிமிடம் பிசகவில்லை. மதில்மேல் பதினான்கு கம்பளங்களும் வரிசையாகத் தொங்கின. அழுக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. இயந்திரத்தை அணைத்தார். நீர்த்தொட்டியிலிருந்து தொப்பியை எடுத்துப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். தோற்றுத்தானே வருவாள் என்று நினைத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

கதவு திறந்தது. மஹ்ரோக் வந்தாள். அக்குளில் வால்நட் பலகை.

"அஞ்சுக்கு ஒண்ணு" என்றாள். "அந்த ஒண்ணும் அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு விட்டுக் குடுத்தது."

ஹெதாயத் எழுந்துவிட்டார். ஆறு வருடப் பலகை! கோபம், சந்தேகம், கால் வலி எல்லாம் வடிகாலில் போயின. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்த்தார். "மஹ்ரோக் ஜான், அடுத்த வருஷமும் நீயே உக்காரு. ஆனா இப்ப ஒரு ஆட்டம் போடலாமா? நாம ரெண்டு பேரும்?"

"போடலாமே. கொஞ்சம் வழி விடுங்க."

அவளுக்குப் பின்னால், வாசலில், மனுச்செஹ்ர் மூச்சுவாங்க நின்றார். தோளில் இரண்டு கம்பளம். பின்னால் தள்ளுவண்டியில் மூன்று.

"பாவம், தோத்து உக்காந்திருந்தாரு" என்றாள் மஹ்ரோக். "மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அண்ணன் மறுக்கவே இல்ல."

மிச்சம்: ஐந்து.