பதினோராம் எண் பூவரசின் இலைகள் குறித்து

அன்பு மகள் ரேச்சலுக்கு,

இராயபுரத்திலிருந்து உன் பெரியப்பா, நோட்டரி வழக்கறிஞர் செல்வநாதன், முழு சுயநினைவுடன் எழுதுவது. மாதாவின் அருளால் நானும் உன் பெரியம்மாவும் நலம். நீயும் நலமென்றே, மறுப்புச் சான்று வரும்வரை, அனுமானித்துக்கொள்கிறேன்.

நீ கொச்சிக்குப் பயிற்சிக்குப் போகுமுன், எண்ணூர் சாலையோரம் நீ எண் தகடு மாட்டிய பூவரசுகளுள் பதினோராம் மரத்தில் பத்து இலைகள் பறித்து, நாளிதழ்களுக்கிடையே வைத்து, எட்டு நாள், தினமும் தாள் மாற்றி உலர்த்தி அனுப்பும்படி கேட்டிருந்தாய். லாரித் தூசு ஒரே மரத்தை மாதாமாதம் என்ன செய்கிறது என்பதே உன் ஆய்வு. ஒரு மாதம் தவறினாலும் மூன்றாண்டு உழைப்பு வீண் என்றாய். நாளை எவனாவது "இது அந்த மரத்து இலைதானா?" என்று குறுக்கு விசாரணை செய்தால்? ஆகவே சம்பவ இடத்திலேயே, இரு சாட்சிகள் முன்னிலையில், கைப்பற்றுதல் மகஜர் எழுதினேன். முதல் சாட்சி, அம்மரத்தடியில் மீன் விற்கும் நீலா. இரண்டாம் சாட்சி, ஆட்டோ ஓட்டுநர் தாவூது. "இன்னா வக்கீலு, மரத்த அரெஸ்ட் பண்ணிக்கினு போறியா?" என்று அவர் கேட்டதை மகஜரில் சேர்க்கவில்லை. நீலாவின் கையெழுத்தின்மேல் ஒட்டியிருப்பது மீன் செதில். திருத்தம் எனக் கொள்ளற்க. மரத்தில் முசுறு எறும்பு மொய்க்குமென எச்சரித்திருந்தாய். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. சட்டத்துக்கு எறும்பும் கட்டுப்படும் போலும்.

வீட்டுக்கு வந்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்தபிறகே, தினமும் தாள் மாற்ற வேண்டுமென்பது நினைவுக்கு வந்தது. சாட்சியின்றி முத்திரையை உடைக்கலாமா? கூடாது. ஆக எட்டு நாளும் தாவூது தம் ஆட்டோவில் நீலாவை ஏத்திக்கினு, மன்னிக்கவும், ஏற்றிக்கொண்டு வர, முத்திரை உடைத்தது பற்றி ஒரு மகஜர், மீண்டும் வைத்தது பற்றி இன்னொரு மகஜர். நான்காம் நாள் நீலா வெடித்துவிட்டாள்: "இன்னா பேஜாரு நைனா இது! தெனம் துணி மாத்தி வுடுறியே, இது எலையா, கைக்கொயந்தையா?" இலைகளின்மேல் பாரத்துக்கு என் தீர்ப்புத் தொகுப்புகள் ஆறு. உன் பெரியம்மா ரோஸ்மேரி, "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இந்தப் பொஸ்தகம்லாம் இப்பதான் ஒரு வேலைக்கு ஒதவுது" என்றாள். அவள் கூற்றை மறுக்க என்னிடம் ஆவணமில்லை.

இத்துடன் வரும் பத்து இலைகளும் பதினோராம் மரத்தினவே என்று எந்த நீதிமன்றத்திலும் பைபிள்மீது கைவைத்துச் சொல்வேன். அந்தோணியார் உனக்கு முனைவர் பட்டமும் வேளாவேளைக்குப் பசியும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
செல்வநாதன்
(இணைப்பு: இலைகள் 10, மகஜர்கள் 17)

பி.கு.: மேற்படி சத்தியத்தை வாபஸ் பெறுகிறேன். கூரியருக்குப் போகும் வழியில் நீலா நிறுத்தினாள். "பெரிப்பா வர்றாருன்னு ரேச்சல் பாப்பா ஊருக்குப் போறப்பவே சொல்லிச்சு. வயசான மன்சன முசுறு கடிச்சி வெச்சிடுமேன்னு, நம்பர் தகட்ட அன்னிக்கே அவுத்து பக்கத்து மரத்துல மாட்டிட்டேன். ஒரு எறும்பாவது கடிச்சிதா, சொல்லு!" பதினேழு மகஜரிலும் நான் இதைக் கேட்கவில்லை, கேட்காததால் அவளும் சொல்லவில்லை. மாதம் முடியப் பதினொரு நாள் இருக்கிறது. தகட்டைத் திரும்ப மாட்டி, உண்மையான பதினோராம் மரத்தில் புதிதாகப் பத்து இலைகள் பறித்து, நீ சொன்னபடியே வெறும் நாளிதழில் வைத்துவிட்டேன். அவை எட்டு நாளில் உலர்ந்ததும் அனுப்பிவைக்கிறேன். இம்முறை மகஜர் இல்லை, சாட்சி இல்லை. கழுத்திலிருந்து முழங்கைவரை முப்பத்தேழு கடி. ரோஸ்மேரி சுண்ணாம்பு தடவிச் சான்றை அழிக்குமுன் எடுத்த போட்டோ இணைக்கப்பட்டுள்ளது.